உங்களுக்குத் தெரியுமா? கொட்டும் மழை, காத்திருக்கும் குடம்

அந்தமான் தீவுகளில் உள்ள போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டுகிறது, சென்னையைப் போல இரு மடங்கு. ஆனாலும் கோடையில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளில் டிரம், குடம், பக்கெட் எதையும் விடாமல் நிரப்பிவைப்பார்கள். குன்றுகளில் பெய்வது சிற்றோடைகளில் இறங்கி விறுவிறுவெனக் கடலில் கலந்துவிடுகிறது. 2011-லேயே ஒரு லட்சம் பேரைத் தாண்டிய நகரம் பெரிதும் நம்பியிருப்பது தனிகாரி அணையை.

நியூயார்க்கின் மன்ஹாட்டனும் தீவுதான். கூட்டம் பெருகிக் கிணறுகள் கெட்டன; 1832-ல் காலரா ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது. 1842-ல் க்ரோட்டன் ஆற்றுநீர் சுமார் 65 கி.மீ. கால்வாய் வழியே வந்தது. அவர்களுக்குப் பெருநிலம் ஆற்றுக்கு அக்கரையில். அந்தமானுக்கோ இந்தியப் பெருநிலம் ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால். பக்கத்து ரட்லாண்ட் தீவிலிருந்து கடலடிக் குழாயில் நீர் கொண்டுவரும் யோசனை பல ஆண்டுகள் பேசப்பட்டது.