பூனைக்குட்டி வருமுன் எலி மருந்தை அப்புறப்படுத்துங்கள்
(வானொலி வேளாண் உரை)



தை, மாசியில் மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேரும். சோளம், உளுந்து, மல்லி என்று மூட்டையை அடுக்கியதும் பின்னாலேயே எலியும் வந்துவிடும். எலி தின்பதைவிட சாக்கைக் கடித்தும், புழுக்கை போட்டும் கெடுப்பதுதான் அதிகம். அதனால் பாளையம்பட்டிப் பக்கத்தில், "ஒரு பூனைக்குட்டி இருந்தா குடுங்க" என்று பலரும் கேட்பது வழக்கம்.

நல்ல யோசனைதான். மனுஷனுக்கும் பூனைக்கும் உறவு ஏற்பட்டதே தானியத்தால்தான். மேற்கு ஆசியாவில் மக்கள் பயிர் செய்து தானியம் சேர்த்தபோது, எலியைத் தேடி ஊருக்குள் வந்த காட்டுப்பூனையே வீட்டுப் பூனைக்கு மூதாதை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்லறையில், மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது.

சரி, குட்டிக்கு வீட்டில் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? பாலும் சோறும் பிறகு பார்க்கலாம். முதலில் பரணிலும் மூட்டைச் சந்திலும் வைத்த எலி மருந்தை எடுங்கள். பூனையும் எலி மருந்தும் ஒரே கூரைக்குள் இருக்கக் கூடாது.

காரணம் சொல்கிறேன். துத்தநாக பாஸ்பைடு என்ற கறுப்புப் பொடி வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. புரோமடியோலோன் கட்டி வேறு மாதிரி. அதைத் தின்ற எலி சில நாள் கழித்தே சாகும். அதற்குள் தளர்ந்து திரியும் எலியைப் பூனை லேசாகப் பிடித்துத் தின்றுவிடும். விஷம் பூனைக்கும் ஏறி, உடம்புக்குள் ரத்தம் கசியும். ஈறு வெளுத்து, குட்டி சோர்ந்து படுத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு.

தானியத்துக்குப் புகைமூட்டம் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஆள் குடியிருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சுக் காற்றைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆகவே இது பூனைக்காக மட்டும் சொல்வதல்ல.

"குட்டி எலி பிடிக்கிற வரைக்கும் என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கூண்டுப் பொறி வையுங்கள். அடிக்கும் பொறி வேண்டாம், குட்டியின் கால் சிக்கும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பெருச்சாளிக்கு எப்போதும் பொறிதான். அதைப் பெரிய பூனையே எதிர்க்கத் தயங்கும்.

இனி குட்டிக்கு இடம். பிறந்து எட்டு வாரமாவது தாயிடம் இருந்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். முதல் ஒரு வாரம் வீடு முழுக்கத் திரிய விடாமல், நாய் வராத ஒரே அறையில் வையுங்கள். தகரக் கூரை வெக்கை ஆகாது. பழைய கூடையில் பருத்தித் துணி விரித்தால் படுக்கை ஆயிற்று. ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள், தானாக வரும். பழைய தட்டில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, தீனிக்கு எட்ட வைத்தால் அதிலேயே மலஜலம் கழிக்கப் பழகும்.

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். பூச்சிமருந்து டப்பாவையும் தெளிப்பானையும் பூட்டி வையுங்கள். தறி ஓடும் வீடுகளில் நூல் கழிவை உடனுக்குடன் கூட்டி எடுங்கள். குட்டி விளையாட்டாக விழுங்கும் நூல் குடலைச் சுருட்டி அறுத்துவிடும்.

பூனை மாமிச ஜாதி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது. தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்த்தால் நாளடைவில் பார்வை மங்கும். பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பால் கழிச்சல் தரும். குடிக்கத் தண்ணீர் போதும்.

கைவைத்தியம் வேண்டாம். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லும். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தும், தரை துடைக்கும் ஃபினாயிலும் பூனைக்கு விஷம்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் தவணைப்படி போடுங்கள். பூனைக் கடியாலும் வெறிநோய் வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ஊசி இலவசம்.

விவசாயப் பெருமக்களே! மருந்து வைத்தால் எலி ஒரு தடவை சாகும், மறுபடி வேறு எலி வரும். நல்லபடி வளர்ந்த பூனை பல வருஷம் உங்கள் மூட்டையைக் காக்கும். ஆகவே இன்றைக்கே பரணைப் பாருங்கள். குட்டியை அதற்குப் பிறகு கொண்டு வரலாம்.