கரிசலும் ஆய்வுக்கூடமும்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசல் நிலம். அது வானம் பார்த்த பூமி. பருவமழை தவறாது பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் செழிக்கும். பொய்த்தால் குண்டாறு வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். பெய்த நீரை நெடுநாள் தன்னகத்தே தேக்கிவைத்துப் பயிரைக் காப்பது கரிசலின் இயல்பு. ஆதலால் அஃது உழவர்க்கு உற்ற நண்பனாகும்.

ஆனால், வீடு கட்டுவோர்க்கு அம்மண்ணே பகையாகின்றது. மழைக்காலத்தில் அது பருத்து மேலெழும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். ஆண்டுதோறும் இவ்வாறு எழுந்தும் தாழ்ந்தும் அசையும் மண்ணின்மீது நிற்கும் சுவர் விரிசல் காண்கின்றது, சாலை மேடுபள்ளமாகின்றது. வாழ்நாளெல்லாம் சிறுகச் சேர்த்த பொருளால் ஒருவர் கட்டிய வீடு, சில ஆண்டுகளிலேயே வெடிப்புறுமாயின் அவர் துயரம் எத்தகையதாயிருக்கும்!

மண் ஏன் இவ்வாறு பருக்கின்றது? கரிசலில் மான்ட்மோரிலோனைட்டு என்னும் களிமண் தாது மிகுந்துள்ளது. மிக மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாற்போன்றது அதன் அமைப்பு. அத்தகடுகளின் இடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகின்றது. அதனால் மண் பருக்கின்றது. நீர் வற்றியதும் தகடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கிப் பிளவுபடுகின்றது.

பொறியியற் கல்லூரியின் மண்ணியல் ஆய்வுக்கூடத்தில் இவ்வியல்பை எளிதில் அளந்தறியலாம். உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுத்து, 100 மில்லி லிட்டர் கொள்ளும் இரு கண்ணாடி அளவைக் குழாய்களில் தனித்தனியே இடுவர். ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றொன்றில் காய்ச்சி வடித்த நீரும் நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் வைப்பர். மண்ணெண்ணெயில் மண் பருப்பதில்லை, நீரில் பருக்கும். எண்ணெயில் 10 மில்லி லிட்டர் அளவில் நின்ற மண், நீரில் 18 மில்லி லிட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பின், அது நூற்றுக்கு 80 பங்கு பருத்தது என்பது கணக்கு. இவ்வளவு நூற்றுக்கு 50-ஐத் தாண்டினால், அம்மண்ணின்மீது கட்டடம் எழுப்புவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இச்சோதனையைச் செய்து, கிடைத்த எண்ணை ஏட்டில் குறித்து, ஆசிரியரிடம் மதிப்பெண் பெறுவது செய்முறைப் பயிற்சியாகும். அது தேவையானதே, எனினும் அஃது ஆராய்ச்சி ஆகாது. பயிற்சியில் விடை முன்னரே நூலில் உள்ளது. ஆராய்ச்சியிலோ விடை எந்நூலிலும் இல்லை. அதனை மாணவரே தேடிக் காணவேண்டும்.

கரிசலுடன் சுண்ணாம்பைக் கலந்தால் அது பருப்பது குறையும் என்பது நூல்கள் கூறும் உண்மை. ஆனால், திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றன் மண்ணுக்கு எத்தனை பங்கு சுண்ணாம்பு போதும்? அதன் விலை அவ்வூரார்க்குக் கட்டுப்படியாகுமா? அருகிற் கிடைக்கும் சாம்பலைச் சேர்த்துச் செலவைக் குறைக்கலாகுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அவ்வூர் மண்ணையே எடுத்து வந்து ஆராய்தல் வேண்டும். நூற்றுக்கு 2, 4, 6, 8 பங்கு எனச் சுண்ணாம்பைக் கலந்து, 7 நாளும் 28 நாளும் பதப்படுத்தி, ஒவ்வொரு கலவையையும் மும்முறை அளக்கவேண்டும். ஒருமுறை வந்த எண் மறுமுறை வாராது போகலாம். அப்போது வேண்டாத எண்ணை மறைப்பவர் ஆராய்ச்சியாளர் ஆகார். அதனை உள்ளவாறே குறித்துவைத்து, மாறுபாட்டின் காரணத்தை நாடுபவரே ஆராய்ச்சியாளர். பொறுமையையும் வாய்மையையும் ஆய்வுக்கூடம் கற்பிப்பதுபோல் வகுப்பறை கற்பித்தல் அரிது.

இளநிலை மாணவர் ஆராய்ச்சி செய்தல் கூடுமோ என ஐயுறுவார் உளர். அவ்வையத்தைப் போக்கச் சான்றுகள் பல உண்டு. அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகம், இளநிலை மாணவர் பேராசிரியர்களுடன் சேர்ந்து ஆராய்வதற்கென 1969-ஆம் ஆண்டிலேயே தனித் திட்டம் வகுத்தது. நம் நாட்டிலும், குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆசிரியரும் மாணவரும் கூடி, அனுசாட் என்னும் 40 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளை உருவாக்கினர். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு அது 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் விண்ணிற் செலுத்தப்பட்டது. கருநாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களைச் சார்ந்த ஏழு கல்லூரிகளின் மாணவர் ஒன்றுகூடி அமைத்த ஸ்டட்சாட், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுடையது. அது 2010-ஆம் ஆண்டு சூலை 12-ஆம் நாள் விண்ணை அடைந்தது.

விண்ணை ஆராய்வது பெரிது, மண்ணை ஆராய்வது சிறிது என்று எண்ணுதல் கூடாது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் கரிசலுக்கென ஒருவகை அடித்தளத்தை ஆராய்ந்து வகுத்தனர். மண்ணின் ஈரம் மாறாத ஆழம்வரை துளையிட்டு, அத்துளையின் அடிப்பகுதியைக் குடம்போல் அகலப்படுத்திக் கற்காரை நிரப்புவது அம்முறை. மேல்மண் எழுந்தாலும் தாழ்ந்தாலும், அவ்வடித்தளம் ஆழத்தில் ஊன்றி நின்று கட்டடத்தைத் தாங்குகின்றது. மண்ணை ஆராய்ந்தமையால் விளைந்த நன்மை இது.

வறண்ட நிலத்துச் சிற்றூர்களிலிருந்து பொறியியல் பயிலச் செல்லும் மாணவருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் அடியெடுத்து வைப்பவர். ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டலாம் என்பதையே அவர்க்கு எடுத்துரைப்பார் இலர். அறிவிருந்தும் அச்சத்தால் ஒதுங்கி, தேர்வு ஒன்றையே எண்ணிக் காலங்கழிப்போரும் அவருள் உண்டு. அதனால் விளையும் இழப்பு அவரோடு நிற்பதன்று. அவர் தீர்த்திருக்கக்கூடிய ஊர்க்குறைகளும் தீராமலே நின்றுவிடும்.

ஆகவே, இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ தமக்குரிய பேராசிரியரை அணுகி, அவர்தம் ஆராய்ச்சியில் துணைபுரிய மாணவர் இசைவு கேட்டல் வேண்டும். முதற்கண் மண்ணைச் சலிப்பதும் கலங்களைக் கழுவுவதுமே பணியாக அமையலாம். அவற்றையும் செவ்வனே செய்பவர்க்கே அடுத்த படி திறக்கும். இந்திய அறிவியற் கழகங்கள் மூன்றும் இணைந்து கோடை விடுமுறையில் இரண்டு திங்கள் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு உதவித்தொகை வழங்குகின்றன. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும் மாணவர் ஆய்வுத்திட்டங்களுக்குப் பொருளுதவி புரிகின்றது. இவற்றை நாடிப் பெறுதல் மாணவர் கடமையாகும்.

காலடியில் பிளந்து கிடக்கும் கரிசலைக் கண்டு, "இஃது எம் ஊரின் தலைவிதி" என்று கைவிட்டிருப்பது பேதைமை. "இஃது ஏன் நிகழ்கின்றது? இதனை மாற்றும் வழி யாது?" என வினவுவதே அறிவுடைமை. அவ்வினாவை ஏந்தி ஆய்வுக்கூடம் புகும் இளைஞர், பட்டம் ஒன்றோடு மட்டும் ஊர் திரும்பார். தம் ஊரார் வீடுகள் வெடிப்பின்றி நிலைத்து நிற்பதற்குரிய வழியையும் உடன் கொண்டு வருவர்.