கொல்லைக்கு வரும் மிளா: வேலியின் உயரத்துக்கு முன் அடிப்பகுதியைப் பாருங்கள்

காலையில் பின்கதவைத் திறக்கிறீர்கள். நேற்று மாலை பூவெடுத்து நின்ற பீன்ஸ் பாத்தி மொட்டையாகக் கிடக்கிறது. முருங்கைக் கன்றின் நுனி இல்லை. செம்பருத்தியில் குச்சிதான் மிச்சம். முந்தல், குரங்கணி, கொட்டகுடி பக்கமும், மேலே ஏலத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள வீடுகளிலும் இது புதுக் கதை அல்ல. ஏலத்துக்கும் காப்பிக்கும் காவல் இருக்கும், கணக்கு இருக்கும். வீட்டை ஒட்டிய நாலு சென்ட் காய்கறிக்கு இரண்டும் இருக்காது. ஆனால், கடைக்குப் போகாமல் குழம்பு வைப்பது அந்த நாலு சென்டை நம்பித்தான்.

வந்தது யார் என்று தெரியாமல் வேலிக்குச் செலவு செய்யாதீர்கள். மிளா என்றும் கடமான் என்றும் நாம் சொல்வது பெரிய மான். தோள் உயரமே 4 அடியைத் தாண்டும். நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். கேளையாடு அதில் பாதி உயரம்தான். 20, 25 கிலோ எடை. நாய் குரைப்பதுபோல் கத்தும். சருகுமான் இன்னும் சிறியது, ஒரு முழ உயரம்கூடத் தேறாது. அடிவாரத்தில் சில இடங்களில் புள்ளிமானும் வரலாம்.

கடித்த இடத்தைப் பாருங்கள். மானுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது. அதனால் தண்டைக் கடித்து இழுத்துப் பிய்க்கும்; முனை நார்நாராக இருக்கும். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக வெட்டியிருந்தால் அது முயல். கிழங்கைத் தோண்டி மண்ணைப் புரட்டியிருந்தால் காட்டுப்பன்றியோ முள்ளம்பன்றியோதான். ஆட்டுக்கும் மேல் முன்பல் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டு வெள்ளாடு செய்த வேலைக்கு மான்மீது பழி போட்டு வேலி அடித்தவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால், மாலையில் பாத்தியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்துச் சமன்படுத்தி வையுங்கள். விடிந்ததும் குளம்புத் தடம் சொல்லிவிடும். ஆட்டுத் தடத்தைவிடப் பெரிதாக, கன்றுக்குட்டியின் தடம் அளவுக்கு இருந்தால் மிளா. இடுப்புக்கு மேல் உள்ள கிளைகளும் உருவப்பட்டிருந்தால் அதில் சந்தேகமே வேண்டாம். மிளா பின்னங்காலில் எழுந்து நின்றும் தழை தின்னும்.

முதலில் சிறிதாக்குங்கள்

பலர் செய்யும் தவறு, மனை முழுவதையும் சுற்றி வளைப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்ற 835 அடி வேலி வேண்டும். 3 சென்டைச் சுற்ற 145 அடி போதும். 835 அடிக்கு மட்டமான வேலி போடும் பணத்தில் 145 அடிக்கு நல்ல வேலி போடலாம். மானுக்குப் பிடித்த பீன்ஸ், அவரை, கீரை, சர்க்கரைவள்ளி, ரோஜா போன்றவற்றை வீட்டுக்கு அருகில் ஒரே இடத்தில் சேர்த்து, அதை மட்டும் அடைத்துவிடுங்கள். மஞ்சள், இஞ்சி, எலுமிச்சைப் புல், துளசி போல வாசமுள்ளவை வெளியே நிற்கட்டும். மான் இவற்றை அதிகம் விரும்புவதில்லை. ஆடாதொடைக்கும் நொச்சிக்கும் அதே கதைதான். ஆடு தொடாததால்தான் ஆடாதொடை என்று பெயரே வந்தது என்பார்கள். ஆனால் மேட்டில் புல் காய்ந்து பசி வந்தால் எந்தச் செடிக்கும் உத்தரவாதம் கிடையாது.

சிறிய அடைப்புக்கு இன்னொரு லாபமும் உண்டு. குதித்தால் எங்கே இறங்குவோம், எப்படி வெளியேறுவோம் என்று தெரியாத இடத்துக்குள் மான் குதிக்கத் தயங்கும். 15 அடி அகலத்தில், உள்ளே பந்தலும் கொடியும் நிறைந்த அடைப்பு அதற்குப் பொறிபோலத் தெரியும். அதே உயர வேலி ஒரு ஏக்கரைச் சுற்றி இருந்தால் உள்ளே வெட்டவெளி தெரியும், குதித்துவிடும்.

நம் ஊருக்கு ஏற்ற வழி ஒன்று கண் முன்னாலேயே இருக்கிறது. பாகலுக்கும் சுரைக்கும் ஆறடியில் பந்தல் போடுகிறோம் அல்லவா? அந்தப் பந்தலின் நான்கு பக்கத்தையும் தரையிலிருந்து பந்தல் மட்டம் வரை கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். மேலே கொடி கூரை, பக்கத்தில் வலைச் சுவர். தாண்டிக் குதிக்க இடமே இல்லை. கீழே நிழல் தாங்கும் கீரையும் இஞ்சியும் வரும். பீன்ஸுக்கு வெயில் வேண்டும் என்றால் ஒரு பாதியில் கொடி ஏற்றாமல் கம்பி மட்டும் விடலாம். குரங்குக்கு இது முழுத் தடை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திறந்த அடைப்பு என்றால் எவ்வளவு உயரம்? பொதுவாக மானுக்கு 8 அடி என்பார்கள். அமெரிக்காவில் வெள்ளைவால் மானுக்குச் சொல்லும் அளவும் அதுவே. மிளா வரும் இடத்தில் பெரிய அடைப்புக்கு அதைக் குறைக்காதீர்கள். கேளையாடு மட்டும் என்றால் 5, 6 அடி போதும்.

உயரத்துக்கு முன் அடிப்பகுதி

மான் தாண்டுவதற்கு முன் நுழையத்தான் பார்க்கும். கேளையாட்டுக்கு ஒரு சாண் இடைவெளி கிடைத்தால் முட்டிபோட்டு உள்ளே வந்துவிடும். 8 அடி வேலி போட்டு, சரிவான நிலத்தில் கீழே ஒரு முழம் தூக்கி நிற்க விட்டால் செலவு வீண். நம் சரிவுகளில் இதுதான் நடக்கிறது: கம்பி நேராகப் போகும், நிலம் வளைந்து போகும்.

வலையின் அடியில் ஒரு இழுகம்பி ஓட்டுங்கள். இரண்டு மூன்று அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்துத் தரையோடு இறுக்குங்கள். இன்னும் நல்லது, வலையின் கீழ் ஓர் அடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவிட்டு, அதன்மேல் கல் அடுக்குவது. மலைச் சரிவில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பன்றி முட்டி நுழைவதையும் இது ஓரளவு தடுக்கும். கீழ் இரண்டடிக்குச் சிறு கண் வலை வேண்டும். மேலே கண் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. தூண்களுக்கு இடையே 8 முதல் 10 அடி.

ஏற்கெனவே கிளுவை வேலியோ முள்வேலியோ இடுப்புயரத்துக்கு இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அதற்கு உட்புறம் நான்கைந்து அடி தள்ளி, அதேபோல் நான்கைந்து அடி உயரத்தில் இன்னொரு வேலி போடுங்கள். மானால் உயரம் தாண்ட முடியும், அகலமும் தாண்ட முடியும். இரண்டையும் ஒரே குதியில் தாண்டுவது சிரமம். இடைவெளியில் எலுமிச்சைப் புல் நட்டால் மண்ணும் பிடிக்கும்.

புது வேலியை இரவில் மான் பார்க்காமல் மோதும். வலை கிழியும், மானுக்கும் காயம். முதல் சில வாரம் மூன்றடி உயரத்தில் வெள்ளை அல்லது நீலத் துணிக் கீற்றுகளைக் கட்டுங்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சிவப்புக் கொடி நமக்குத்தான் எச்சரிக்கை.

பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். விலை மலிவு, உண்மைதான். ஆனால் ஆண் மிளாவின் கொம்பு சிக்கினால் அது சாகும் வரை உதறும். பாம்பும் சிக்கிச் சாகும். விடிந்ததும் உங்கள் தோட்டத்தில் அந்த உடல் கிடந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பதும், பொறி வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன. காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றித் தமிழக அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்தது பன்றிக்கு மட்டும். மானுக்கு அப்படி எதுவும் கிடையாது.

வீட்டு மின்சாரம் வேலிக்குப் போகக் கூடாது

இதை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரூமிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கம்பியில் கொக்கி போடுவதை ‘ஒரு ராத்திரிக்குத்தானே’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 230 வோல்ட் இடைவிடாமல் ஓடும் மின்சாரம், தொட்டவரின் தசையை இறுக்கி, கையை எடுக்கவிடாது. மிளா வரும் நேரமும், நீங்கள் ஒதுங்கப் போகும் நேரமும், பிள்ளை பந்தைத் தேடிப் போகும் நேரமும் ஒன்றாகிவிடலாம். மழை ஈரத்தில் கம்பியைத் தொடாமலேயே அடி விழலாம்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படியொரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காடு, சரணாலய எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிதாக மின்வேலி போட முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்டதைப் பதிவு செய்ய வேண்டும். போடியின் மேற்குப் பக்கத்தில் மலையை ஒட்டிய பல நிலங்கள் இந்தத் தூரத்துக்குள் வரும். உங்கள் நிலம் வருமா என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டம் கேரள எல்லைக்குள் இருந்தால் அங்குள்ள வனத்துறையைக் கேட்க வேண்டும்.

அனுமதி பெற்ற சூரிய மின்வேலி வேறு சங்கதி. அதில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும்; ஆனால் சுமார் ஒரு விநாடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் துடித்து நின்றுவிடும். அதிர்ச்சி உண்டு, கையை எடுக்க நேரமும் உண்டு. அதற்கான கருவி இந்தியத் தர நிர்ணயத்தின்படி இருக்க வேண்டும் என்பதும் விதியில் உள்ளது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. 2022 செப்டம்பரில் நம் தேனி மாவட்டத்திலேயே, பெரியகுளம் அருகே ஒரு தோட்டத்து வேலியில் சிறுத்தை இறந்து கிடந்தது. அது சூரிய மின்வேலிதான்.

இன்னொன்று: மானின் ரோமம் மின்சாரத்தைக் கடத்தாது. மூக்கோ நாக்கோ பட்டால்தான் பயன். அடிவாரம் மழை மறைவுப் பகுதி. கோடையில் மண் காய்ந்து எர்த் வேலை செய்யாது. ஒரே எர்த் கம்பியை நம்பாமல் ஆறடி நீளத்தில் மூன்று இறக்கி, கோடையில் அந்த இடத்தை நனைத்து வையுங்கள். கம்பியில் புல் உரசினால் துடிப்பு அங்கேயே செத்துவிடும். பராமரிக்க நேரமில்லாதவர் நாலு சென்டுக்கு மின்வேலி யோசிக்கவே வேண்டாம். கம்பி வலையே மேல். ஏக்கர் கணக்கில் போடுபவர்கள் மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறையில் விசாரிக்கலாம்.

நாற்றம், சேலை, நாய்

அழுகிய முட்டைக் கரைசல் பலன் தரும் என்பது பல நாடுகளில் சோதித்துப் பார்த்த விஷயம். மூன்று முட்டையை நாலு லிட்டர் தண்ணீரில் அடித்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, வடிகட்டிச் செடி ஓரத்தில் தெளிக்கலாம். பறித்துச் சாப்பிடும் கீரைமேல் வேண்டாம். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். மேலே ஏலமலையில் ஆடி மழையில் இந்த வேலை ஓயாது. சேலை கட்டுவது, டப்பா தொங்கவிடுவது, ரேடியோ பாட விடுவது எல்லாம் சில நாள் வேலை செய்யும். அப்புறம் மானுக்குப் பழகிவிடும். வேலி போட்டு முடியும் வரை சமாளிக்க இவை சரி.

நாயை இரவில் தோட்டத்தில் கட்டிப்போடுவது சிறுத்தைக்கு விருந்து வைப்பது. அவிழ்த்துவிட்டு மானைத் துரத்த வைத்தால் சட்டப்படி வம்பு.

விழுந்த பலாவும் மாங்காயும் கொய்யாவும் மிளாவை வரவழைக்கும். பொழுது சாய்வதற்குள் பொறுக்கிவிடுங்கள். திறந்த தண்ணீர்த் தொட்டியை இரவில் மூடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ நடந்தபோது இந்தச் சரிவுகள் எப்படிக் காய்ந்து கிடந்தன என்று நினைவிருக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் தேடித்தான் கீழே வருகின்றன. ஓடைக்குக் குறுக்கே வேலி போட்டால் அதைப் பிய்த்துக்கொண்டுதான் போகும். நடைபாதையை விட்டுவிட்டுத் தோட்டத்தை மட்டும் அடைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அடைப்புக்கு வெளியே நிற்கும் மா, வெண்ணெய்ப்பழக் கன்றுகளுக்குத் தனித்தனிக் கூண்டு போடுங்கள். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, ஆறடி உயர வலை. ஒட்டிச் சுற்றினால் கழுத்தை நீட்டித் தின்றுவிடும். தலைக்கு மேல் வளர்ந்ததும் கூண்டைக் கழற்றாதீர்கள். ஆண் மிளா கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும்.

காட்டுமாடும் யானையும் வரும் தடத்தில் இந்த வேலி எதுவும் நிற்காது. அங்கே வனத்துறையிடம்தான் போக வேண்டும். சேதம் பெரிதாக இருந்தால் மறுநாளே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, மனுவுடன் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். நாள் தள்ளினால் தடமும் கடித்த முனையும் காய்ந்து, எது தின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலி வேலைக்குத் தை மாதம் நல்ல சமயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இளகிய மண்ணில் குழி எடுப்பது சுலபம். மாசி, பங்குனி நெருக்கடிக்கு முன் முடிந்துவிடும். கதவை வேலியின் உயரத்துக்கே செய்யச் சொல்லுங்கள், அதன் அடியில் ஒரு பலகை அறையச் சொல்லுங்கள். மாலையில் அதைச் சாத்துவது யார் வேலை என்பதை வீட்டில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.