நலமாக நிற்போம் – 9: பெரட்டு இல்லாத காலை

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் ஏறிப் பாருங்கள். 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்குப் போகும் தார்ச் சாலையில் கூட்டம் நெரியும். புதுச் சப்பாத்து, புது டீ-சட்டை, கையில் அடி எண்ணும் கடிகாரம். தைப்பூசம் கழித்து மறுபடி ஏறினால், வருஷம் முழுக்க நடக்கும் பழைய முகங்கள் அப்படியே இருக்கும். புதியவர்களில் பலரைக் காணோம்.

கேட்டால், “நமக்கு மன உறுதி பத்தாதுங்க” என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. பத்துமலைக்குக் காவடி நேர்ந்துகொண்டவர் வாரக்கணக்கில் மச்சம் தொடாமல், தரையில் படுத்து விரதம் காக்கிறார். அவரால் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லையென்றால் கோளாறு மனதில் இருக்க முடியாது. விரதத்துக்கு நாள் குறித்திருக்கிறது. கூடவே ஒரு குழு இருக்கிறது, தவறினால் கேட்க ஒரு மூத்தவர் இருக்கிறார், வீட்டுச் சமையலே மாறிவிடுகிறது. காலை நடைக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

நம் பெற்றோர் காலத்தில் இதையெல்லாம் பெரட்டு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது, பார்த்துக்கொண்டது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று எந்தத் தோட்டத்தை எடுத்தாலும், விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிடுவார், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவு ஏறும். பிறகு நானூறு, ஐந்நூறு மரத்துக்கு நடை. ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து நிமிர்ந்து, கடைசியில் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து கொட்டகைக்கு வர வேண்டும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் உழைப்பு குறையவில்லை. மலேசியாவில் செம்பனையை வாணிபப் பயிராக முதலில் நட்டதே நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலை வெட்டி, அதைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களுக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை.

அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வராதவருக்குப் பேர் விழாது, கூலியும் கிடைக்காது. அந்த ஒழுங்கு தோட்டத்துரையின் லாபத்துக்காக ஏற்பட்டது. முட்டியும் இடுப்பும் தேய்ந்ததற்கு யாரும் ஈடு தரவில்லை. ஆனாலும், “இன்று நீ வந்தாயா?” என்று தினமும் கேட்க ஓர் ஆள் இருந்தார். தோட்டம் கைமாறி, லயம் காலியாகி, தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிவந்தபோது அந்த ஆளும் போய்விட்டார். வேலை ஜாகா (காவலாளி) நாற்காலிக்கும் தொழிற்சாலை மேசைக்கும் லாரி இருக்கைக்கும் மாறியது. தட்டிலுள்ள சோற்றின் அளவு மட்டும் மரம் வெட்டிய காலத்துக் கணக்கிலேயே நிற்கிறது.

விளைவு கணக்கில் தெரிகிறது. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இதைத் தடுக்க முடியுமா என்று பார்க்கச் சென்னைக்கு வருவோம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இனிப்புநீர் வரும் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் அரை மணி நேரம் நடக்கவும், சீனி, எண்ணெய், மாவுச்சத்தைக் குறைக்கவும் ஒரு பிரிவினருக்குச் சொல்லி, அதை விடாமல் விசாரித்தும் வந்தார்கள். எதுவும் செய்யாத பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடந்தவர்களில் 39.3 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாக இறங்கவில்லை. தராசு முள் அசையவில்லை என்று பயிற்சியை நிறுத்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் அவரவர் விரும்பிய நேரத்தில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாண்டு முடிவில் செய்தி கிடைக்காதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், கிடைத்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் இனிப்புநீர் வந்திருந்தது. அறிவுரை இரு பக்கமும் ஒன்றுதான். விடாமல் வந்த நினைவூட்டல்தான் வித்தியாசம்.

உடற்பயிற்சிப் பயிற்றுநருக்குக் கொடுக்கும் காசும் பெரும்பாலும் இந்த விடாத விசாரிப்புக்குத்தான். தண்டால் எடுக்கும் முறையை யூடியூப்பே இலவசமாகக் காட்டும். நீங்கள் வந்தீர்களா, ஏன் வரவில்லை, வராத காரணத்துக்கு என்ன வழி என்று கேட்க யூடியூப்புக்குத் தெரியாது.

நல்ல பயிற்றுநரை முதல் நாளே அடையாளம் காணலாம். இரவு ஜாகா வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எத்தனை கிலோ குறைக்கணும் அண்ணே?” என்று தொடங்குபவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், நெஞ்சு வலி வந்ததுண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், காலில் புண் இருக்கிறதா என்று கேட்பவரிடம் உட்காருங்கள். சில இனிப்புநீர் மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். அது தெரிந்தவர், சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்வார், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவரவும் சொல்வார்.

பிறகு அவர் தரும் பாடம் கேட்கவே சாதாரணமாக இருக்கும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையுமுன் தாமானை ஒரு சுற்று, பத்து நிமிஷம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, வாரம் இரண்டு நாள். தே தாரேக்கை விட்டுவிட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். இரண்டு வாரம் அது நிலைத்த பிறகுதான் அடுத்த படி. வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உழைப்பு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு இப்படித்தான் ஏறிப் போக வேண்டும்.

இருபத்தொரு நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில் ஒரு செயல் பழக்கமாகச் சராசரி 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தீபாவளிக்கு நடையை விட்டவர் மறுநாள் கிளம்பினால் போதும்.

செலவு? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். ஜிம்மில் தனிப் பயிற்றுநர் ஒரு மணி நேரத்துக்கு வாங்குவது பெரும்பாலும் அதைத் தாண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை சந்திப்பு, இடையில் வாட்ஸ்அப் விசாரிப்பு என்றும் பேசி முடிக்கலாம். அதுவும் முடியாதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்துகொண்டு, உணவு ஆலோசகரையும் உடலியக்கச் சிகிச்சையாளரையும் பார்க்க வழி கேளுங்கள். இனிப்புநீர் நோயாளிகளுக்கு வழிகாட்டவே பயிற்சி பெற்ற தாதியரும் உண்டு. தனியாரில், ஒரே மாதத்தில் பத்துக் கிலோ என்று வாக்குக் கொடுத்து, கையோடு மாவு டப்பாவையும் நீட்டுபவரிடம் சிக்க வேண்டாம்.

மண்டோரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அவரைக் கேள்வி கேட்கவும் முடியவில்லை. பயிற்றுநரை நாமே தேர்ந்தெடுக்கிறோம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். உழைப்பின் பலனும் முழுக்க நமக்கே. எனவே இந்த வாரம் பயிற்சியைத் தொடங்குமுன், தினமும் உங்களை விசாரிக்கப்போகிறவர் யார் என்பதை முடிவுசெய்யுங்கள். பயிற்றுநரோ, தாதியோ, அடுத்த வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. அவரிடம் நேரத்தையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம்: முட்டி வலியோடு நடக்கலாமா?

(தொடரும்)