வேக்குவம் கிளீனர்: மிக்சியின் உடன்பிறப்பு

அனந்தபுரத்திலும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தூசிக்குப் பஞ்சமில்லை. நெல் அறுத்தால் களத்துத் தூசி, மல்லாட்டை உடைத்தால் தோல் தூசி. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளை ஒரு வேக்குவம் கிளீனர் வாங்கி வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அது இழுக்காது. மோட்டார் போச்சு என்று வீட்டில் தீர்ப்பாகி, மெஷின் பரண் ஏறிவிடும்.

அந்த மோட்டார் நமக்குப் பழகியதுதான். மிக்சியில் இருக்கும் அதே வகை: நடுவில் ஆர்மேச்சர், இருபுறமும் கார்பன் பிரஷ். அங்கே பிளேடைச் சுற்றுவது இங்கே விசிறியைச் சுற்றுகிறது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் விலையில்லா மிக்சி வீடுவீடாக வந்துவிட்ட தமிழ்நாட்டில், மிக்சி பழுது பார்ப்பவர் இல்லாத கடைத்தெரு அரிது. பேர்பெற்ற ஒரு வேக்குவம் கிளீனரின் பிறப்பும் ஒரு கைவேலைதான். 1907-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் கான்டனில், ஆஸ்துமாவோடு தரை பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர், மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். ஹூவர் நிறுவனத்தின் கிளீனர்களுக்கு மூலம் அதுதான்.

மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் காற்றைச் சந்தேகியுங்கள். ஓடும்போது சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறினால் எங்கோ அடைப்பு. காற்று குறைந்தால் விசிறிக்குச் சுமை குறைந்து சுழற்சி கூடுகிறது. சத்தம் ஏறுவது அதனால்தான். ஹோஸைக் கழற்றி, மெஷினின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். அங்கே நன்றாக இழுத்தால் அடைப்பு ஹோஸிலோ குழாயிலோ இருக்கிறது. இரும்புக் கம்பியால் குத்தினால் ஹோஸ் கிழியும். முனை மழுங்கிய கழி போதும். அங்கேயும் இழுக்கவில்லை என்றால் தூசிப் பையையும் ஃபில்டரையும் பாருங்கள். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவி, நிழலில் முழுதாக ஒருநாள் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அப்பிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். பல மெஷின்களில் மோட்டாரைக் குளிரவைப்பதே உறிஞ்சும் காற்றுதான். அடைப்போடு ஓட்டினால் சூடேறி, தானே நின்றுவிடும். மிக்சி அடியில் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பழகியவர்கள் இங்கேயும் அதைத் தேடுவார்கள். அநேகமாக இருக்காது. அடைப்பை எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஓடும்.

சுத்தமாக உயிரே இல்லை என்றால், மெஷினை விட்டுவிட்டு முதலில் பிளக்கையும் சாக்கெட்டையும் பாருங்கள். 1400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டிவிக்கு வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி அதைத் தாங்காது. வயர் பிளக்கை ஒட்டி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கலாம். வயரைப் பிடித்து இழுத்தே பிளக்கைப் பிடுங்கும் வீடுகளில் இது சகஜம்.

விட்டுவிட்டு ஓடுகிறது, உள்ளே தீப்பொறி பறக்கிறது, கருகல் வாடை அடிக்கிறது என்றால் கார்பன் தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பழைய கார்பனைக் கையோடு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் மாற்றுங்கள்.

வெள்ளையடித்தபின் உதிரும் பட்டிப் பொடியையும் அடுப்புச் சாம்பலையும் இதில் உறிஞ்சவே கூடாது. அந்த நைசுப் பொடி ஃபில்டரைத் தாண்டி பேரிங்குக்குள் போகும். பேரிங் கிறீச்சிட்டாலும் ஆர்மேச்சர் கருகினாலும் மிக்சிக் கடைக்காரரிடம் காட்டி, விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். காயில் கட்டும் கூலியைக் கணக்குப் பார்த்தால் சில சமயம் முழு மோட்டாரையே மாற்றுவது மலிவு.