இனிப்பு ரொட்டியும் பத்து மணிப் பசியும்

காலை ஏழரை மணிக்கு நான்கு துண்டு ரொட்டியை வயிறாரத் தின்ற பிள்ளை, பத்து மணி அடிப்பதற்குள் ‘பசிக்கிறது’ என்று அடுக்களை வாசலில் வந்து நிற்பதைக் காணாத இல்லம் நம் பங்குகளில் அரிது. ‘ரொட்டியில் சீனியைக் கொட்டிச் சுடுகிறார்கள்; அதனால்தான் பசி அடங்குவதில்லை’ என்பது தாய்மார் பலரின் தீர்ப்பு. நீரிழிவு கண்ட பெரியோரோ, சீனிக்கு மாற்றான இனிப்புப் பொருள் சேர்த்த ரொட்டியை உண்டால் வயிறும் நிறையும், நோயும் ஏறாது என நம்புகின்றனர். இவ்விரு கருத்துகளையும் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

ரொட்டி சுடுவோர் சீனி சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டுக்கு அது உணவு. மேற்புறம் பொன்னிறமாகச் சிவப்பதற்கும், ரொட்டி விரைவில் காயாமல் மெத்தென்றிருப்பதற்கும் அது உதவுகிறது. எவ்வளவு சீனி வரை ரொட்டி ரொட்டியாகவே இருக்கும்? இது நீதிமன்றம் வரை சென்ற கேள்வி. அயர்லாந்தின் 1972-ஆம் ஆண்டு வரிச் சட்டம், மாவின் எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் சீனி இருக்கலாகாது என்றது. 10 பங்கு சீனி கொண்ட ஒரு நிறுவனத்தின் ரொட்டி அச்சட்டப்படி ரொட்டியாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. (நம் திருச்சபையின் ஒழுங்கு இன்னும் கண்டிப்பானது. நற்கருணை அப்பத்தில் சீனியோ தேனோ கலப்பது பெரும் முறைகேடு என்று 2004-இல் வெளிவந்த திருவழிபாட்டு அறிவுரை வெளிப்படையாகவே கூறுகிறது.)

அந்தப் 10 பங்குக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 30 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் மாவு ஏறக்குறைய 18 கிராம். சீனி 2 கிராமுக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதியை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. ஆனால் அதே துண்டின் மைதாவில் ஏறத்தாழ 13 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நார் நீக்கி நுண்ணியதாய் அரைத்த மாவாகையால், அது குடலில் விரைந்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது. அதன் வேகம் சீனியின் வேகத்துக்குக் குறைந்ததன்று. ஆகவே சீனியை அறவே நீக்கினாலும் மைதா ரொட்டி மைதா ரொட்டியே. மேலே தடவும் ஒரு மேசைக்கரண்டி ஜாமில் ஏறக்குறைய 12 கிராம் சீனி இருப்பதையோ நாம் கணக்கில் கொள்வதில்லை!

பசியாற்றும் திறனை அளந்து பார்த்தோரும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி வீதம் உண்ணக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை கால் மணிக்கொரு முறை உண்டோரின் பசியைக் கேட்டுக் குறித்தனர். முடிவு 1995-இல் வெளிவந்தது. வெள்ளை ரொட்டிக்கு 100 என வைத்தால் முழுக்கோதுமை ரொட்டிக்கு 157. அவித்த உருளைக்கிழங்குக்கு 323. இனிப்பு பிஸ்கட்டுக்கே 120! எல்லாவற்றிலும் கடைசியாக 47 பெற்றது, வெண்ணெய் வைத்து மடித்துச் சுட்ட பிரெஞ்சு நாட்டுக் குரோசான். ஒவ்வோர் உணவையும் உண்டு பார்த்தோர் 11 முதல் 13 பேரே என்பதால் இவ்வெண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் இனிப்பு ஏறினால் பசியாறுதல் குறையும் என்ற கணக்கு அங்கே காணப்படவில்லை. நீரும் நாரும் புரதமும் மிகுந்து, ஒரே கலோரிக்குத் தட்டில் பெரிய அளவாய் வந்தவையே வயிற்றை நிறைத்தன.

மெத்தென்ற இனிப்பு ரொட்டியை மெல்லவே வேண்டுவதில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டுமுன் நான்காவது துண்டும் போய்விடுகிறது. சீனியின் மீது குற்றம் சாட்டுவதானால் இதைச் சொல்லலாம்: பசியைத் தூண்டுவதைவிட, இன்னொரு துண்டை எடுக்கத் தூண்டுகிறது.

இனி மாற்று இனிப்புக்கு வருவோம். நாவில் இனிப்பும் வயிற்றில் வெறுமையுமாக உடல் ஏமாந்து, மேலும் பசிக்கும் என்பது பலரது அச்சம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உடல் எடை மிகுந்த 53 பேருக்குச் சீனி இட்ட பிஸ்கட்டும், நியோடேம், ஸ்டீவியா ஆகியவை இட்ட பிஸ்கட்டுகளும் முறை மாற்றித் தரப்பட்டன. பசி மூன்றிலும் ஒன்றுபோலவே தணிந்தது. உண்டபின் இன்சுலின் ஏறிய அளவு மட்டும் மாற்று இனிப்பில் குறைந்திருந்தது. அச்சம் மெய்ப்படவில்லை. ஆயினும் அது சீனி நிறைய ஏற்கும் பிஸ்கட். 2 கிராம்கூட இல்லாத ரொட்டித் துண்டில் அதை மாற்றி என்ன ஆதாயம்? உடல் எடையைக் குறைக்க மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாமென உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அவ்வறிவுரை பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவரைக் கேட்பதே முறை.

ரொட்டி வாங்கும்போது உறையின் பின்புறத்தைப் பாருங்கள். சேர்மானங்கள் எடை மிகுந்ததிலிருந்து வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முன்புறம் ‘கோதுமை ரொட்டி’ என்றிருந்து, பின்புறம் முதற்பெயர் மைதாவாயிருந்தால் ஏமாற வேண்டாம். பழுப்பு நிறம் கருக்கிய சீனியாலும் வரும்.

பிள்ளைக்கு ஜாமுக்குப் பதில் ஓர் அவித்த முட்டை போதும். திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி இருப்போர் பலர், காலையில் ஒரு பன்னும் தேநீருமாக முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கே சோர்ந்து விடுகின்றனர். அந்தச் சிற்றுணவு ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலையாக இருந்தால் மதிய உணவு வரை தாங்கும்.