அம்மப்பாவின் தகரப்பெட்டியும் 43 படங்களும்

அம்மப்பா விட்டுச்சென்ற படங்கள் மொத்தம் 43. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து சனம் தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதியோடும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடும் அம்மம்மா அந்தப் பிஸ்கற் தகரத்தையும் தூக்கிக்கொண்டார். வடக்குக் கிழக்கில் பல குடும்பங்களுக்கு இந்த அளவும் மிஞ்சவில்லை. இடப்பெயர்வில் தவறியவை, 2004 சுனாமியில் போனவை, சோதனைக்குப் பயந்து தாங்களே எரித்தவை, போத்தலில் போட்டுப் புதைத்துவிட்டு இடம் பிடிபடாமல் போனவை என்று ஆளாளுக்கு ஒரு கதை இருக்கிறது.

மிஞ்சியதைக் காப்பாற்றுவதென்றால் பலரும் முதலில் ஸ்கானரைத் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது வேலை. எங்கள் கறுப்புவெள்ளைப் படங்கள் இன்னும் பல வருடம் தாக்குப்பிடிக்கும். அவற்றில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியம்மாவுக்கு வயது 84. ஆகவே முதலில் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அவரோடு இருந்தேன். “இது யார்?” என்று மட்டும் கேட்டால் பெயரோடு கதை நின்றுவிடும். யாருடைய வளவு, என்ன விசேஷம், படம் எடுத்தது யார் என்று கேட்டால்தான் நினைவு அவிழும். 31 படங்களுக்கு அவரே விபரம் சொன்னார். ஒன்பதுக்கு ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா சொன்னார். மூன்றில் இருப்பவர்கள் யாரென்று இன்னும் தெரியாது.

காலத்தைப் படமே சில நேரம் சொல்லும். பின்பக்கத்து ஸ்ரூடியோ முத்திரையைப் பாருங்கள். யாழ்ப்பாண ஸ்ரேசனில் யாழ்தேவி நிற்கிறதா? அந்த ரயில் ஓடத் தொடங்கியது 1956இல், யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது 1990இல், திரும்ப வந்தது 2014இல்.

பெட்டியில் ஒரு கலியாண வீட்டுப் படம் இருக்கிறது. பின்வரிசையில், பாதி முகம் மறைந்தபடி என் மாமா. 2009இற்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் இல்லை. அவருடைய வேறு படமும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது, மாமி கொண்டுபோனது அந்த முகத்தை மட்டும் பெருப்பித்த பிரதியைத்தான். இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இப்படியான தேவைக்கு மூலப்படத்தையே வெட்டி லமினேற் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் படம் கெடாமல் பிரித்தெடுப்பது அநேகமாக முடியாத காரியம். வெட்டுவதும் லமினேற் செய்வதும் பிரதியோடு நிற்கட்டும்.

ஸ்கான் செய்வதென்றால் சிறிய படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்கானர் இல்லையென்றால் யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைத்தொலைபேசியால் எடுக்கலாம். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை இழுக்காதீர்கள், கண்ணாடியோடேயே எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வெளிநாட்டு உறவினரிடம். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

மூலப்படத்தின் பின்னால் பேனையால் எழுத வேண்டாம், மை ஊறும். மெல்லிய பென்சில் போதும். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது. இலக்கமிட்ட கடித உறையில் போட்டு விபரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். எண்பதுகளில் வந்த பசைத்தாள் அல்பங்கள்தான் கலர்ப் படங்களுக்குப் பெரிய எதிரி. இலேசாகக் கழன்று வருபவற்றை எடுத்துவிடுங்கள். வராதவற்றை அல்பத்தோடேயே ஸ்கான் செய்யுங்கள்.

ஊர் வரலாற்றுக்கு உதவக்கூடிய படங்களை, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தோடு பகிர்வது பற்றி யோசிக்கலாம். ஆனால் எல்லாப் படமும் பொதுவெளிக்கு உரியதல்ல. சீருடையில் நிற்கும் ஒரு பொடியனின் படம் அவன் வீட்டாருக்கு இன்றும் விசாரணையைக் கொண்டுவரலாம். எங்கள் 43இல் இரண்டை நான் யாருக்கும் அனுப்பவில்லை. கடவுச்சொல் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பொடியன்களின் தாய்மார் இப்போதும் ஊரில்தான் இருக்கிறார்கள்.